முறுக்கில் குறையில்லை, படத்தில்தான் குறை!



ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் ஓர் அக்கா இருக்கிறார். பகலெல்லாம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு, மாலையில் முறுக்குச் சுடுகிறவர். சென்ற தீபாவளிக்கு முன்பு அவருடைய மகள் அம்மாவின் முறுக்கை இணையக் கடையில் விற்பனைக்கு வைத்தாள். இரண்டு வாரத்தில் விற்றது மூன்றே பொட்டலம்!

"என் கைப்பக்குவத்துல என்ன கொறை தம்பி? லயத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு!" என்று அங்கலாய்த்தார் அக்கா.

மகள் எடுத்த படத்தைப் பார்த்தேன். இரவில், குழல்விளக்கு வெளிச்சத்தில், அடுப்படி மேசையில் எடுத்தது. பின்னால் எண்ணெய்ப் போத்தல், பக்கத்தில் பாதி வாளி. பொன்னிற முறுக்கு சாம்பல் பூத்துக் கிடந்தது.

இரவுச் சந்தையில் கடை போட்டால், "ருசி பாருங்க" என்று ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்துவிடலாம். கைப்பேசிக்குள் வாசனை போகுமா? அங்கே வாடிக்கையாளருக்குக் கண் ஒன்றுதான் துணை. நம் நாட்டில் லசாடா 2012-லும் ஷோப்பி 2015-லும் கடை திறந்தன. அதனால் லயத்து வீட்டில் சுட்ட பலகாரமும் பினாங்கு, ஜொகூர் என்று போக வழி பிறந்தது. ஆனால் படம் சரியாக இருந்தால்தான் போகும்.

பெரிய கேமரா தேவையில்லை. கைப்பேசியே போதும். முதலில் அதன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி படத்தை மங்கலாக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு ஜன்னலோரம் மேசையைப் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழல் வெளிச்சம் போதும். வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் கெடும். பிளாஷும் வேண்டாம், பிளாஸ்டிக் பை பளீரென்று மின்னி, உள்ளே இருப்பது தெரியாமல் போகும்.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை மணிலா அட்டையைச் சுவரில் சாய்த்து, மேசை வரை மடிக்காமல் வளைத்து விரியுங்கள். பொருளை அதன்மேல் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் இருண்ட பக்கமும் தெளியும். படம் சதுரமாக இருக்கட்டும், பொருள் அதை நிறைக்கட்டும். அமேசான் நிறுவனம் முதல் படத்தில் பொருள் 85 விழுக்காடு இடத்தை அடைக்க வேண்டும் என்றும், பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. நமக்கும் அது நல்ல அளவுகோல்தான்.

ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். முழுப் பொட்டலம், தட்டில் கொட்டிய முறுக்கு, உடைத்த துண்டு, எடையும் சேர்மானமும் எழுதிய சீட்டு என்று நாலைந்து எடுங்கள். அளவு தெரிய ஒன்றைக் கையில் பிடித்தும் எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை! மலாக்கா பட்டணத்தில் சேலை விற்கும் தங்கை ஒருவர் நிறத்தைத் தூக்கலாக்கிப் படம் போட்டார். "படத்துல வேற, கையில வேற" என்று சேலை திரும்பி வந்தது. அஞ்சல் செலவும் அவர் தலையில் விழுந்தது. வெளிச்சத்தைக் கூட்டலாம், நிறத்தை மாற்றக் கூடாது. விற்கும் பொருள் வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அடுத்தவர் படத்தைத் திருடிப் போடுவதும் ஆகாது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கும் உண்டு.

அக்கா வீட்டுப் படத்தை ஒரு சனிக்கிழமை காலையில் மாற்றினோம். செலவு ஓர் அட்டைதான். ஆர்டர் மழையாகக் கொட்டியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீபாவளிக்குள் நாற்பது பொட்டலம் போயிற்று. பிள்ளைகளுக்குப் புதுத்துணி கடன் வாங்காமல் வந்தது.

"அதே முறுக்குத்தானே தம்பி!" என்று சிரித்தார் அக்கா.

ஆம், அதே முறுக்குதான். நம் உழைப்பு நல்ல உழைப்பு. அதை வெளிச்சத்தில் வைக்கப் பழகுவோம்!