கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி: ஆவணங்கள் அழியாமல் காப்பது எப்படி?

1991 இடப்பெயர்வின்போது புங்குடுதீவு, இறுப்பிட்டியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் காப்பாற்றிய காணி உறுதிகளும் படங்களும் இன்று ஸ்கான் செய்யப்பட்டுப் பல நாடுகளிலிருந்து வருகின்றன. அவற்றை நான் லினக்ஸ் கணினியில் ஒழுங்குபடுத்தி வருகிறேன். நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக நகர்த்த முடியாது. ஆகவே ஷெல் ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொகுப்பை எழுதுகிறேன். இதில் கவனிக்கவேண்டிய ஆபத்து, கோப்புப் பெயரின் நடுவே வரும் இடைவெளி.

‘இறுப்பிட்டி காணி உறுதி’ என்பது எமக்கு ஒரே பெயர். ஷெல்லுக்கோ இடைவெளி என்பது ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்கும் அடையாளம். எனவே அது மூன்று கோப்புகளைத் தேடும். நகலெடுக்கும்போது ‘கோப்பு இல்லை’ என்ற செய்தியோடு போய்விடும். அழிக்கும்போது அப்படியல்ல. ‘இறுப்பிட்டி பழையபிரதி’ என்ற கோப்புறையை அழிக்கச் சொன்னால், அருகிலுள்ள ‘இறுப்பிட்டி’ என்ற மூலக் கோப்புறை அழிந்துவிடும். அழிக்கச் சொன்னதோ அப்படியே இருக்கும். ஷெல் அழித்தவை குப்பைத்தொட்டிக்கும் போவதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2 இன் நிறுவல் ஸ்கிரிப்டில் மேற்கோள் குறிகள் விடுபட்டிருந்தன. வன்தட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலரின் தரவுகள் அழிந்தன. ஆப்பிள் அதை உடனே திருத்தி வெளியிட்டது.

தீர்வு எளிது. டாலர் குறியோடு மாறியை எழுதும் இடமெல்லாம் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். அப்போது முழுப் பெயரும் ஒன்றாகவே போகும். ஒற்றை மேற்கோள் இங்கே உதவாது. அதற்குள் மாறியின் மதிப்பு வராது. கோப்புகளை வரிசையாக எடுக்கும்போது, பட்டியலிடும் கட்டளையின் விடையை நம்பாமல் நட்சத்திரக் குறியை நேரடியாகப் பயன்படுத்துங்கள். ‘ஷெல்செக்’ என்ற இலவசக் கருவி, மேற்கோள் விடுபட்ட இடங்களைச் சுட்டிக்காட்டும். எந்த ஸ்கிரிப்டையும் முதலில் ஒரு பிரதியில் ஓட்டிப் பாருங்கள்.

பெயர்களிலுள்ள இடைவெளிகளை நீக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் நீக்குவதில்லை. ‘அம்மம்மா வீட்டு முற்றம் 1984’ என்று ஒருவர் இட்ட பெயரே பல வேளைகளில் அந்தப் படத்துக்குள்ள ஒரே குறிப்பு. அதை வந்தபடியே வைத்துக்கொண்டு ஸ்கிரிப்டைத் திருத்துவதே முறை.