சுவரின் சுபாவம்

மன்னார்புரத்தில் மனை வாங்கியாயிற்று, கடனும் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் தினமும் கொத்தனாருடன் கணக்குப் போடுகிறார். "செங்கல் விஷயத்தில் உனக்கு என்ன தெரியும்?" என்று உங்களை உள்ளே அனுப்பி விடுகிறாரா? சகோதரிகளே, போகாதீர்கள்! சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் ஊர் நம் திருச்சி. மேற்குச் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை, விளக்கு வைத்த பிறகு அடுப்படியில் நிற்பவர் முதுகில்தானே கக்கப் போகிறது? வர்ணம் பிடிக்காவிட்டால் மாற்றலாம். சுவரை மாற்ற முடியுமா?

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். கனத்த சுவர், சுண்ணாம்புக் காரை, நடுவே முற்றம். சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். முற்றம் அதை வெளியேற்றும். இன்றைய மனையில் முற்றத்துக்கு இடமில்லை. ஆகவே சுவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

செங்கல்லைச் சோதிக்க உங்கள் சமையலறைத் தராசே போதும். உலர்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் நிறுங்கள். 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமுக்கு மேல் போனால், அது தண்ணீர் குடிக்கும் கல், வேண்டாம். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது.

அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல், அளவு பிசகாமல் இருப்பதால் பூச்சுச் செலவைக் குறைக்கும். வயல் மண்ணையும் காப்பாற்றும். 'ஏ.ஏ.சி.' என்னும் நுரைக்கல் செங்கல்லின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் சாதாரண ஆணி அதில் நிற்காது. பாத்திர அலமாரி எங்கே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' அது. கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடம் விட்டுக் கட்டுவார்கள். கல் சுமார் கால் பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். ஆனால் பழகிய கொத்தனார் கிடைத்தால்தான் துணிய வேண்டும்.

இனி பூச்சு. சிமிண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்பது, உப்பைக் கூட்டினால் ருசி கூடும் என்பது போலத்தான்! சிமிண்டு மிகுந்தால் பூச்சு சுருங்கி வெடிக்கும். உள்சுவருக்கு 1 பங்கு சிமிண்டு, 6 பங்கு மணல், 12 மில்லிமீட்டர் கனம் போதும். குறைந்தது 7 நாள் நனைக்க வேண்டும். பிறகு நன்றாக உலர விடுங்கள். ஈரம் போகுமுன் பட்டி வைத்து வர்ணம் பூசினால் கொப்புளம் போட்டு உதிரும். கிரகப்பிரவேச நாளுக்காகச் சுவரை அவசரப்படுத்தாதீர்கள்.

வெளிப்புற மேற்குச் சுவருக்கு அடர்ந்த நிறம் வேண்டாம். வெள்ளையோ இளநிறமோ வெயிலைத் திருப்பி அனுப்பும். பளபளப்பான பூச்சுக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதியை அந்த மேற்குச் சுவருக்கே ஒதுக்கச் சொல்லுங்கள். வருகிறவர்கள் கூடத்தின் பளபளப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவரோடு குடித்தனம் நடத்தப்போவது நீங்கள்தான்!