ஈயமும் ஏலமும்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் முனையில் 1973-இல் ஒரு குப்பைமேடு இருந்தது. மாநகராட்சியின் கஜானா வற்றிக்கொண்டிருந்த காலம். வரி கட்ட முடியாத, அல்லது கட்ட மனமில்லாத உரிமையாளர்கள் கட்டடங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சிலவற்றுக்குத் தீயும் வைக்கப்பட்டது. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, வேலியடைத்த காலி மனைகளுக்குள் விதையும் உரமும் கலந்த உருண்டைகளை வீசினார்கள். பவரி முனையில் குப்பையை அள்ளி, மண் கொட்டி, 60 பாத்தி கட்டினார்கள். 1974-இல் மாநகராட்சி அந்த மனையை மாதம் 1 டாலர் வாடகைக்கு விட்டது. இன்று அந்த நகரில் 500-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் நிற்பது, 1978-இல் தொடங்கிய ‘கிரீன்தம்ப்’ என்ற மாநகராட்சித் திட்டம்.

விதை வீசிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த விதை விழுந்த மண்ணில் என்ன இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இருந்தது ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதுமாக நின்றது 1996-இல். பழைய கட்டடத்தை இடிக்கும்போது பெயின்ட் தூளாகி மண்ணில் கலந்துவிடும். பூச்சிக்கொல்லி என்றால் நாளடைவில் சிதையும், உப்பு என்றால் மழையில் கரைந்து இறங்கும். ஈயம் இரண்டும் செய்யாது. களிமண்ணையும் மட்கையும் பற்றிக்கொண்டு, செடி வேர் விடும் மேல்மண்ணிலேயே பல தலைமுறைக்குக் கிடக்கும்.

ஆனால் பலர் பயப்படுவதுபோல் தக்காளிக்குள் ஈயம் ஏறிவிடுவதில்லை. வேர் கொஞ்சம் உறிஞ்சினாலும் காய்வரை போய்ச் சேருவது மிகச் சொற்பம். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றில் ஆபத்து குறைவு. கீரையில் தூசி படிகிறது, கேரட்டும் முள்ளங்கியும் மண்ணுக்குள்ளேயே வளர்கின்றன. அதனால் இவற்றைத்தான் நன்றாகக் கழுவ வேண்டும். இவை எல்லாவற்றையும் விட, ஈயம் உடம்புக்குள் போகும் பெரிய வழி, மண்ணில் விளையாடிவிட்டு வாய்க்குப் போகும் குழந்தையின் விரல்.

அதனால்தான் நகரத்துத் தோட்டங்களில் பலகையடித்து உயர்த்திய பாத்திகளைப் பார்க்கிறோம். அடியில் துணி விரித்து, மேலே புது மண் நிரப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். பாஸ்டன் நகரில் அப்படிக் கட்டிய பாத்திகளை 4 ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். ஈயத்தின் அளவு இரு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. சுற்றியிருந்த பழைய மண்ணே காற்றிலும் மழைத் தெறிப்பிலும் திரும்ப வந்து படிந்துவிட்டது. பாத்தியோடு நிறுத்தாமல் நடைபாதையிலும் மரச்சில்லு பரப்பி மூட வேண்டும், ஆண்டுதோறும் மேலே மட்குரம் போட வேண்டும். தொடங்குவது ஒரு வார இறுதி வேலை. இதற்கோ முடிவே கிடையாது.

சரி, ஒரு மாநகரத்தில் அவ்வளவு புது மண்ணுக்கு எங்கே போவது? நியூயார்க் கண்டுபிடித்த வழி அருமையானது. பெரிய கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, பனியுகத்தில் பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் ஆழத்திலிருந்து வருகின்றன. பெயின்ட்டும் பெட்ரோலும் எட்டாத மண் அது. முன்பெல்லாம் பணம் கொடுத்து லாரியில் வெளியூருக்கு அனுப்பினார்கள். இப்போது ‘சுத்த மண் வங்கி’ ஒன்றை வைத்து, மட்குரத்தோடு கலந்து தோட்டங்களுக்குத் தருகிறார்கள். தண்ணீருக்கும் இப்படியொரு வழி உண்டு: அனுமதிச் சீட்டு வாங்கினால் தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடுபட்டால் உடம்புக்கு ஏதாவது பலன் உண்டா? தோட்டம் போடுவதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமானவர்கள்தான் தோட்டம் போட வருகிறார்களா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. டென்வர் நகரில் ஆய்வாளர்கள் இதற்கு அழகான வழி பிடித்தார்கள். அங்கே சமூகத் தோட்டத்தில் இடம் கேட்டுக் காத்திருப்போர் ஏராளம். அவர்களில் 291 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே பாத்தி கொடுத்தார்கள். மீதிப் பேரை ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். 2023-இல் வெளிவந்த முடிவு: பாத்தி கிடைத்தவர்கள், காத்திருந்தவர்களைவிட நாளுக்கு 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வாரத்துக்குச் சுமார் 40 நிமிடம் கூடுதலாக உடலை அசைத்தார்கள், மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. 1.4 கிராம் என்பது ஒரு கீற்றுக் கொய்யாவில் அடங்கிவிடும். மருந்து மாத்திரை இல்லாமல், ஆயிரக்கணக்கானோரிடம், தினமும் என்றால் அது சின்ன விஷயமில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். 1999-இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 100-க்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட நாள் குறித்தது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது வாதம். வீட்டுப் பஞ்சம் உள்ள ஊரில் அது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. தோட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். கடைசி நேரத்தில் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அறக்கட்டளையும் இன்னொரு நில அறக்கட்டளையும் சேர்ந்து 42 லட்சம் டாலருக்கு அவற்றை வாங்கின. 2002-இல் மாநகராட்சியோடு உடன்பாடு வந்தது. சில நூறு தோட்டங்கள் தப்பின, மற்ற சில வீட்டு மனைகளாயின. மாநகராட்சி நிலத்தில் உள்ள தோட்டங்களுக்கு இன்றும் உரிமம்தான், பட்டா கிடையாது. உரிமத்துக்கு ஒரு நிபந்தனை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் 20 மணி நேரம் பொதுமக்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். சாவி யார் கையில், சனிக்கிழமை யார் முறை என்பதில்தான் பாதிச் சண்டை.

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நியூயார்க்கின் தோட்டங்களைச் சுற்றியுள்ள சொத்து விலையைக் கணக்கிட்டது. மிக ஏழ்மையான பகுதிகளில், தோட்டம் திறந்த 5 ஆண்டுகளுக்குள் அக்கம்பக்கத்துச் சொத்து விலை 9.4 சதவீதப் புள்ளிகள்வரை கூடியிருந்தது. வீட்டுக்காரருக்கு அது லாபம். ஈய மண்ணை மூடி, குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்.