சும்மா இருக்கும் காற்று

சூடான டீயை ஊதிக் குடிக்கிறோமே, அந்த ஊதலில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மூச்சில் உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது. உடம்பு அதைச் சீண்டுவதே இல்லை.

1772-ல் ஸ்காட்லாந்தின் டேனியல் ரூதர்ஃபோர்டு இதைப் பிரித்தெடுத்தபோது, இதில் எலி பிழைக்கவில்லை, மெழுகுவர்த்தியும் எரியவில்லை. அதனால் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 'உயிரில்லாதது' என்ற பொருளில் 'அசோட்' என்றார். 1790-ல் இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால், வெடியுப்பில் இது இருப்பதைப் பார்த்து, 'வெடியுப்பைப் பிறப்பிப்பது' என்று 'நைட்ரஜன்' ஆக்கினார். பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்னமும் அசோட்தான். வேடிக்கை என்னவென்றால், உரக்கடையில் விற்கும் அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தின் பெயருக்குள்ளும் அந்த 'உயிரில்லாதது' உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இப்படிச் சும்மா இருக்கிறது? இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. பிரிப்பது லேசில்லை. நெற்பயிர் இந்தக் காற்றுக்குள்ளேயே நின்றுகொண்டு நைட்ரஜன் பற்றாமல் மஞ்சளடிக்கிறது; அதுவும் அடியிலைதான் முதலில். மின்னல் கொஞ்சம் பிரித்துத் தரும். அதைவிட அதிகம் தருபவை அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள். தக்கைப்பூண்டையும் சணப்பையும் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது இதற்காகத்தான். மனிதன் இந்த வித்தையைப் பிடித்தது 1909-ல். ஃபிரிட்ஸ் ஹேபர் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்தார். கார்ல் பாஷ் அதை ஆலைக்குக் கொண்டுபோனார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. இன்றைய யூரியா அந்த அம்மோனியாவிலிருந்து வருவது. 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ நைட்ரஜன். பயிர் கருகருவென்று நிற்கிறதே என்று அள்ளிக் கொட்டினால் புகையான் பூச்சி வரும், பயிரும் சாயும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து இடுவதே நல்லது.

எதோடும் லேசில் சேராத நைட்ரஜனின் அந்தச் சோம்பலே வேறு இடங்களில் காசாகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பது நைட்ரஜனால். ஆக்சிஜன் இல்லாததால் எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதில்லை. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில்தான் மாட்டுக்குச் சினை ஊசி போடும் உறைவிந்துக் குச்சிகள் கிடக்கின்றன. கால்நடை மருத்துவர் கேனைத் திறந்ததும் புகையும் வெள்ளைப் படலம், காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவது.

பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு நைட்ரஜன் அடிக்கக் காசு கேட்பார்கள். விமானச் சக்கரத்துக்கு அது அவசியம். நம் காருக்குச் சாதாரணக் காற்றே போதும். மாதம் ஒருமுறை அழுத்தம் பார்த்தால் சரி.