முந்தினால்தான் பெர்த்

ஏலக்காயை மூட்டையில் வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருப்பது கம்பம்மெட்டுக்காரர்களாகிய நமக்குப் பழகியதுதான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதைப் பார்த்தவர்களாயிற்றே! அதே புத்தியை ரயில் டிக்கெட்டிலும் காட்டினேன். சென்னையில் அக்காள் மகள் திருமணம். போடியிலிருந்து சென்னைக்குத்தான் 2023 ஜூனில் ரயில் வந்துவிட்டதே, கடைசியில் தட்கலில் எடுக்கலாம் என்றிருந்தேன். கிடைக்கவில்லை. முழங்கால் வலியுள்ள அம்மா இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தார்கள்.

உல்லாசக் கப்பலில் காலி அறை கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கலாம். ரயிலில் தட்கலுக்குக் கூடுதல் கட்டணம். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் நவம்பர் நடுவிலேயே எடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் கீழ் பெர்த் கேட்க மறக்காதீர்கள்.