கல்லீரல் கட்டிக்கு வழிகாட்டும் ஒலி

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் நலமான ஈரலில் முளைப்பதில்லை. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளாலோ, மதுவாலோ, மிகுந்த கொழுப்பாலோ தழும்பேறி, சிரோசிஸ் நோய்க்கு ஆளான ஈரலில்தான் அது பெரிதும் தோன்றுகிறது. எனவே கட்டியை அழிப்பதோடு, எஞ்சிய ஈரலைக் காப்பதும் மருத்துவரின் பொறுப்பாகிறது. அறுவையைத் தாங்க இயலாத ஈரலுக்கு ஊசியே துணை. அவ்வூசிக்குக் கண்ணாக விளங்குவது நம் செவிக்கு எட்டாத மீயொலி.

நொடிக்கு 20 முதல் 50 இலட்சம் முறை அதிரும் இவ்வொலி, மென்திசுக்களில் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் சென்று எதிரொலியாய்த் திரும்புகிறது. திரும்ப ஆகும் நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணித்துப் படம் வரைகிறது. மூச்சுக்கேற்ப ஈரல் அசைவதையும், ஊசி முன்னேறுவதையும் அந்தக் கணமே திரையில் காணலாம். கதிர்வீச்சும் இல்லை.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவர்கள் இவ்வழியே கட்டிக்குள் ஆல்கஹாலைச் செலுத்தினர். பின்னர் மின்னலைகளால் சூடேற்றும் முறை வந்தது. வெப்பம் 60 டிகிரி செல்சியசை எட்டினால் உயிரணுக்கள் உடனே மடிகின்றன. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் இது நற்பயன் தருகிறது. கட்டியைச் சுற்றி அரை சென்டிமீட்டரேனும் சேர்த்தழிக்க வேண்டும்; விளிம்பில் எஞ்சுவது மீண்டும் வளரும்.

இங்கேதான் ஓர் இடர். சூட்டில் எழும் வாயுக்குமிழிகள் திரையில் வெண்மேகமாய்ப் படர்ந்து அவ்விளிம்பையே மறைத்துவிடுகின்றன. ஆதலின் ஊசியின் பாதையை முன்னதாகவே வகுத்துக்கொண்டு, பின்னர் சி.டி. ஸ்கேன் முதலியவற்றால் சரிபார்க்கின்றனர்.

மறைக்கும் குமிழியே காட்டவும் வல்லது. இரத்தத்தில் செலுத்தப்படும் நுண்குமிழிகள் கட்டியின் இரத்த ஓட்டத்தைப் புலப்படுத்துகின்றன. 2007இல் ஜப்பானில் புழக்கத்திற்கு வந்த ஒருவகைக் குமிழியை ஈரலின் காவல் அணுக்கள் விழுங்கிக்கொள்ளும். அவ்வணுக்கள் அருகிய கட்டியோ பெரும்பாலும் இருண்டு தனித்துத் தெரியும்.

குமிழியே கருவியாவதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹிஸ்டோடிரிப்சி முறையில், வலிய ஒலித்துடிப்புகள் கட்டிக்குள் குமிழிகளை எழுப்பி, ஊசியும் சூடுமின்றி அணுக்களைச் சிதைக்கின்றன. ஈரல் கட்டிகளுக்கு இதனைப் பயன்படுத்த அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2023 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இங்கும் இலக்கைக் காட்டுவது மீயொலிப் படமே.

எனினும், இம்முறைகள் முழுப்பயன் தருவது கட்டி சிறிதாய் இருக்கையில்தான். சிறு கட்டி வலிப்பதில்லை. ஆகவே சிரோசிஸ் உள்ளோர் வலிக்காகக் காத்திராமல், 6 மாதத்திற்கு ஒருமுறை மீயொலிப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை. ஊசிக்கு வழிகாட்டும் ஒலி, அதற்கு முன்பே நம்மை எச்சரிக்கவும் வல்லது என்பதை நாம் மறத்தலாகாது.