சர்வர் மாறியும் ஃபைல் திறக்காதது ஏன்?

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி அச்சகங்களில் வேலை சூடுபிடிக்கும். டிசைன்கள் எல்லாம் பொது ஸ்டோரேஜில் இருக்கும் ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு சர்வர்கள், ஒன்று படுத்தால் இன்னொன்று அதே ஐ.பி. முகவரியோடு பொறுப்பேற்கும். பொறுப்பேற்றும் விட்டது. ஆனாலும் டிசைனரின் திரை உறைந்து நிற்கிறதே, ஏன்?

முதல் ஒன்றரை நிமிடம் பதற வேண்டாம். லினக்ஸில் ஃபைல்களைப் பகிரும் என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்புச் சர்வர் எழுந்ததும் வழக்கமாக 90 வினாடி அவகாசம் தரும். ஏற்கெனவே ஃபைலைப் பூட்டியிருந்தவர்கள் தங்கள் பூட்டை மீட்பதற்கான நேரம் அது. புதிதாகத் திறப்பவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். யார் யார் இணைந்திருந்தார்கள் என்ற பதிவு இரு சர்வருக்கும் பொதுவான டிஸ்கில் இல்லையென்றால் அந்த மீட்பும் நடக்காது.

‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்று பிழைச்செய்தி வந்தால் கதை வேறு. டிசைனரின் கணினி ஃபைலைப் பெயரால் அல்ல, சர்வர் கொடுத்த அடையாளத்தால் கேட்கிறது. அதற்குள் ஃபைல் சிஸ்டத்தின் எண்ணும் ஒளிந்திருக்கிறது. சில அமைப்புகளில் இந்த எண் டிஸ்கின் சாதன எண்ணிலிருந்து பிறக்கும்; அது சர்வருக்குச் சர்வர் மாறலாம். சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் இந்த எண்ணை, அதாவது எஃப்.எஸ்.ஐ.டி.யை, இரண்டிலும் ஒன்றாகவே எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டு சர்வருமே ‘நான்தான் பொறுப்பு’ என்று ஒரே டிஸ்கில் எழுதுவது. டிசைன் மொத்தமும் பாழாகும். சந்தேகமென்றால் பழைய சர்வரின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஏற்பாடு தேவை; இதில் சிக்கனம் கூடாது.

ஆடி பிறக்கும் முன், பேக்கப் எடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற சர்வரின் வயரைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள்.